மூன்றாவது சிலிண்டரும் அருண் சாரின் சத்தியமும்

கம்ப்ரஷன் குறைந்த இன்ஜினைக் கண்டுபிடிக்க மெக்கானிக்குக்கு அரை மணி நேரம் போதும்; வண்டிக்காரரை நம்பவைக்கத்தான் ஒரு வாரம் ஆகும். என்னைப் போல் பானெட்டுக்குள் தலையைக் கொடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு இது தெரியும். திருவிடந்தையில் இருக்கும் என் ஷெட்டுக்கு, நாவலூரில் ஐடி வேலை பார்க்கும் அருண் சார் தன் டர்போ காரைக் கொண்டுவந்த கதையைக் கேளுங்கள்.

பெட்ரோல் மேல் பழி

வண்டி இழுக்கவில்லை, நின்றால் நடுங்குகிறது என்றார். காரணத்தையும் அவரே கொண்டுவந்திருந்தார்: பெட்ரோல் சரியில்லை, இல்லாவிட்டால் கடல் காற்று. நான் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டரின் அழுத்தத்தை, அதாவது கம்ப்ரஷனை, அளக்கும் கேஜை மாட்டினேன். அவரை ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னேன். நான்கு சிலிண்டர்களில் மூன்று நூற்று எழுபதைத் தொட்டன. மூன்றாவது சிலிண்டர் மட்டும் எழுபதிலேயே உட்கார்ந்துவிட்டது. அவர் கேஜைத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணா, இந்த கேஜ்லதான் ஏதோ கம்ப்ளெயின்ட்."

ஒரு ஸ்பூன் வைத்தியம்

அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன். முள் நூற்று முப்பதுக்கு ஏறியது. அவர் முகம் மலர்ந்தது, நான் ஸ்பேனர் பெட்டியை இழுத்தேன். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே அடைக்கிற பிஸ்டன் ரிங் போயிருந்தால்தான் அப்படி ஏறும். அந்த இடைவெளியை ஆயில் கொஞ்ச நேரம் அடைக்கிறது, அவ்வளவுதான். இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றேன்.

அப்போதுதான் விஷயத்தைக் கக்கினார். இந்தப் பழைய வண்டியை வாங்கும்போது மனைவி நித்யாவிடம் சத்தியம் செய்திருக்கிறார்: இன்ஜினைப் பிரிக்கிற நிலை வந்தால் விற்றுவிடுவதாக. மனிதர் அந்த வண்டி மேல் உயிரையே வைத்திருந்தார். பாவமாக இருந்தது, அவர் அடுத்த கேள்வியைக் கேட்கும்வரை.

"தினம் காலைல ஒரு ஸ்பூன் ஊத்திட்டு ஓட்டிக்கலாமா அண்ணா?"

ஏழுமலையின் காது

பக்கத்து ஷெட்டில் மீன்பிடி போட்டுகளுக்கு இன்ஜின் வேலை பார்க்கும் ஏழுமலையைக் கூப்பிட்டேன். இரண்டாவது ஆள் சொன்னால் ஒருவேளை நம்புவார் இல்லையா? சிலிண்டருக்குள் காற்றை ஏற்றினேன். ஏழுமலை ஆயில் ஊற்றும் வாயில் காதை வைத்தான்.

"இங்க புஸ்ஸுன்னு காத்து வந்துகினு கீது சார். ரிங்கு பூட்ச்சி. எங்க போட்டா இருந்தா நடுக்கடல்ல துடுப்பு போட்டுகினு வரணும்."

நித்யா மேடம் வந்த அன்று

சார் அரை மனதாகத் தலையாட்ட, இன்ஜினைப் பிரித்தேன். ரிங் உடைந்து பிஸ்டனையும் தின்றிருந்தது. அதை மேஜையில் வைத்த நேரம் பார்த்து, கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் நித்யா மேடம், வண்டியைப் பார்த்துவிட்டு ஆபீஸ் பஸ்ஸிலிருந்து ஷெட் வாசலில் இறங்கினார். அருண் சார் "சும்மா சர்வீஸ்தான்" என்று ஆரம்பித்தார். மேடம் பிஸ்டனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவ்வளவுதான், சார் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வண்டிக் கம்ப்யூட்டரை ரகசியமாக ரீமேப் செய்து பவரைக் கூட்டியதையும், அந்த வேகம் தாங்காமல் ரிங் உடைந்ததையும் சொல்லிவிட்டு, சத்தியப்படி விற்பதற்கு ஆள் பார்ப்பதாகவும் சொன்னார். மேடம் என் பக்கம் திரும்பினார்.

"ரீமேப் பண்ணது எனக்கு அன்னைக்கே தெரியும். பஸ்ஸ விட்ட நாளெல்லாம் இந்த வண்டிய எடுத்து நான்தான மிதிச்சேன். விக்க வேணாம், பிஸ்டன மட்டும் கொஞ்சம் கெட்டியானதா போடுங்கண்ணா."

இருபது வருஷமாக வண்டி கொண்டுவருகிறவரின் ஆக்சிலேட்டர் மிதிக்கிற காலைத் திட்டியே பழகிவிட்டேன். இனி வீட்டில் வேறு யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் திட்ட வேண்டும்.