மீன் படாத நாட்கள்

என் வேலை ஆற்றில் எத்தனை மீன் இருக்கிறது என்று சொல்வது. மதுரையிலிருந்து போனில் பேசும் அம்மா, சொந்தக்காரர்களிடம் "கம்ப்யூட்டர்ல வேலை" என்று சொல்லிவைத்திருந்தார். பொய்யில்லை. மீனை நான் பெரும்பாலும் கம்ப்யூட்டரில்தான் பார்த்தேன்.

சிட்னிக்கு மேற்கே ஓடும் ஆற்றில் பாஸ் என்றொரு மீன் உண்டு. குளிர்காலத்தில் முட்டையிட உப்புத்தண்ணீர்ப் பக்கம் இறங்கும், வசந்தத்தில் மேலே திரும்பும். தடுப்பணையில் அது ஏறிப்போகப் படிகள் போல ஒரு வாய்க்கால் கட்டி, கேமரா வைத்திருந்தோம். மழை பெய்தால் தண்ணீர் கலங்கிவிடும், கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் தூண்டில்காரர்களையும் கேட்டோம். எவ்வளவு நேரம் போட்டீர்கள், எத்தனை கிடைத்தது என்று அவர்கள் ஒரு ஆப்பில் பதிய வேண்டும். இரண்டையும் சேர்த்து நான் மதிப்பிட்டுச் சொல்லும் எண்ணை வைத்து, ஆளுக்கு எத்தனை மீன் வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று எங்கள் துறையில் மேலே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள்.

அந்த வருடம் கேமரா, மீன் குறைவு என்றது. ஆப், ஆறு நிரம்பி வழிகிறது என்றது. எதை நம்புவது என்று தெரியாமல் ஒரு வாரம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

விடை ஒரு பிறந்தநாள் விருந்தில் கிடைத்தது. சிட்னியின் டூங்கபியில் எங்கள் பக்கத்து வீட்டு அங்கிள் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்றவர், சனிக்கிழமை தவறாமல் தூண்டிலோடு ஆற்றுக்குப் போகிறவர். நாற்காலியை நடுவில் இழுத்துப்போட்டு, போன வாரம் தூண்டிலில் மூன்று மீன் பட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூண்டும் எங்கை? என்ரை குசினிக்கு வரேல்லையே" என்றார் அவர் மனைவி, அன்ரி, பாத்திரத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

விருந்து முடிந்ததும் அவரைத் தனியாகப் பிடித்தேன். "அங்கிள், மீன் கிடைக்காத நாளையும் ஆப்ல போடுவீங்களா?"

"படாததை ஏன் போடுறது?"

"அதுவும் எங்களுக்கு வேணும் அங்கிள். கிடைச்ச நாளை மட்டும் எல்லாரும் போட்டா, ஆறு முழுக்க மீன்தான்னு கணக்கு வருது."

"பிள்ளை, எங்கட தூண்டில்காரர் வாட்ஸ்அப் குறூப் ஒண்டு இருக்கு. பூச்சியம் போட்டது தெரிஞ்சால் வாழ்நாள் முழுக்கச் சிரிப்பாங்கள்."

ஆப்பில் பதிவது யாருக்கும் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. அடுத்த சனிக்கிழமை நானும் அவரோடு ஆற்றுக்குப் போனேன். காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்திருந்தோம். ஒரு மீன்கூடத் தொடவில்லை. நான் கொண்டுபோயிருந்த புளிச்சோற்றை இருவரும் தின்று முடித்தோம். ஒரு வாத்து வந்து மிச்சத்தைக் கேட்டது. கிளம்பும்போது அங்கிள் போனை எடுத்து, ஊசி போட்டுக்கொள்பவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, பூச்சியத்தை அழுத்தினார்.

பிறகு அவரே குறூப்பிலும் எழுதிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர், தனக்கும் இந்த வருடம் சரியில்லை என்றார். இன்னொருவர், தனக்குப் போன வருடமே சரியில்லை என்றார். அடுத்த வாரம் ஆப்பில் பூச்சியங்கள் வந்து குவிந்தன. வேறு ஊர்க்காரர்களுக்கும் எப்படியோ தொற்றிக்கொண்டது. என் எண் இறங்கி, கேமரா சொன்னதற்குப் பக்கத்தில் வந்து நின்றது. வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல்முறையாக நான் சொன்னதை நானே நம்பினேன்.

ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டு அறிவித்தோம். வீட்டுக்கு எடுத்துப்போகும் அளவு பாதியானது. நான் ஏறக்குறைய விளக்கி முடித்தபோது பின்வரிசையில் அங்கிள் எழுந்தார். எனக்காகப் பேசப்போகிறார் என்று நினைத்துக் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். அவர் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: நாங்கள் உண்மையைச் சொன்னோம், அதற்குத் தண்டனை கொடுத்திருக்கிறீர்கள். பலத்த கைதட்டல். திரையில் காட்ட என்னிடம் இன்னும் ஒரு வரைபடம் பாக்கியிருந்தது. அதைக் காட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

அதன்பிறகு அங்கிள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அன்ரி மட்டும் வேலிக்கு மேலாகப் பொரித்த ரோல்ஸ் நீட்டுவார். "அவர் இப்ப வீட்டிலையே நிக்கிறார் பிள்ளை, எனக்குத்தான் கஷ்டம்" என்பார். எனக்கு அது மனதை உறுத்தியது. ஆனாலும் எண்ணை மாற்ற முடியாது.

கோடை தொடங்கியபோது ஒருநாள் அங்கிள் காரில் தூண்டிலும் ஐஸ் பெட்டியும் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் உள்ளே போகவில்லை.

"ஆத்துக்கா அங்கிள்?" என்றேன்.

"இல்லை. இனிக் கடல்தான்." பெட்டியை மூடினார். "கடல் மீனை ஆர் எண்ணுறது? நீங்களோ?"

"இல்ல அங்கிள். அதுக்கு வேற ஆள்."

"தமிழ் ஆளோ?"

"இல்ல."

"அப்ப நல்லது," என்று காரில் ஏறினார். ஜன்னலை இறக்கி, "போட்டு வாறன்" என்று விடைபெற்றார்.