வெளித் தண்ணீர்

பெங்களூர் அல்சூரில் ஜோசஃபின் டீச்சரிடம் படித்தவர்கள் இன்றும் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்க மாட்டார்கள். அப்பேர்ப்பட்டவர், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை முடிந்த மகன் டேரிலுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தால் கேட்கவா வேண்டும்! பார்க்க வந்த மாதா கோயில் பங்கு மக்களை லிஃப்ட் வாசலோடு திருப்பி அனுப்பினார். பூ, நறுக்கிய பழம், தயிர் எதுவும் உள்ளே வரவில்லை.

கீமோ டேரிலின் வெள்ளை அணுக்களை அடியோடு துடைத்துவிட்டிருந்தது. புது மஜ்ஜை பிடித்து அவை பெருக தினமும் ஊசி போட்டார்கள். அதுவரை ஒரு சின்னக் கிருமியை எதிர்க்கக்கூட உடம்பில் தெம்பில்லை. ரிப்போர்ட்டில் எண்ணிக்கை அசையவேயில்லை. அன்று காலை காய்ச்சலும் வந்து, பையன் நடுங்கத் தொடங்கினான்.

"டீச்சர், ஸ்வல்ப யோசிச்சு சொல்லுங்க," என்றாள் நர்ஸ் ஸ்னேஹா. "வெளித் தண்ணி ஏதாவது உள்ள வந்துச்சா?"

"சான்ஸே இல்லம்மா. காய்ச்சின தண்ணி தவிர ஒரு சொட்டு கிடையாது."

மாலைவரை காய்ச்சல் மருந்துக்கு மசியவில்லை. டீச்சர் கட்டிலருகே வந்தார். கைப்பையிலிருந்து கோயில் தீர்த்தப் புட்டியை எடுத்து, வழக்கம்போலக் கட்டைவிரலை நனைத்து, மகன் நெற்றியில் சிலுவை போடக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தீர்த்தத்தை அவர் என்றைக்குமே தண்ணீராக நினைத்ததில்லை. முந்தின நாள் புட்டி சரிந்து அது வழிந்து, மார்பில் குழாய் செருகிய இடம்வரை இறங்கியிருந்தது.

சொன்னால் மானம் போகும், இனி அறைக்குள் விடமாட்டார்கள். இந்த நேரத்தில் இப்படி யோசிக்கிறோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. வெளியே ஓடினார்.

"ஸ்னேஹா, தண்ணி வந்துச்சும்மா. நான்தான் கொண்டு வந்தேன்."

அவள் திட்டவில்லை. புட்டியை வாங்கிக்கொண்டு டாக்டருக்கு போன் போட்டாள். தண்ணீரில் வாழும் கிருமிகளுக்கான மருந்தையும் சேர்த்தார்கள். இதனால்தான் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. டீச்சர் தாழ்வாரத்து நாற்காலியிலேயே கிடந்தார். பயத்தில் ஜெபம்கூட வாயில் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து ஸ்னேஹா ஓடிவந்தாள்.

"டீச்சர், வெள்ளை செல் ஏறிடுச்சு! காய்ச்சலும் எறங்குது!"

"யாரோட ரிப்போர்ட்? பேரைப் படி."

"டேரில், டீச்சர்."

டீச்சர் அவள் கையை விடவில்லை. "இன்னொரு தடவை படிம்மா," என்றார்.