தண்ணீர் பற்றிய ஆறாம் அமர்வு

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் நான் தாவரவியல் விரிவுரையாளராக இருந்தேன். ஆசிரியர் அறையில் பெண்கள் மூன்று பேர்தான். வகுப்பறைகளுக்கு நடுவே இருந்த சுவர் கூரைவரை போகாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி நின்றுவிடும். அதனால் பக்கத்து வகுப்பில் யார் என்ன நடத்தினாலும் எங்களுக்கும் கேட்கும்.

ஒருநாள், உப்புத் தண்ணீரில் பயிர் ஏன் வாடிப்போகிறது என்று நடத்திக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பொருளாதார ஆசிரியர் உப்பு வரியைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். நான் ஒரு வாக்கியத்தை நிறுத்தினால் அவருடைய வாக்கியம் அதன்மேல் வந்து உட்கார்ந்தது. மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மணி அடித்ததும் நேரே போய்ச் சண்டை பிடித்தேன்.

“கொஞ்சம் மெதுவா பேசுங்க சார். எந்த உப்பை எழுதறதுன்னு தெரியாம பசங்க முழிக்கிறாங்க.”

அவர் கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே, “ரெண்டையும் எழுதட்டுமே மேடம். ஒரே உப்புதானே?” என்றார்.

கோபமாகத்தான் திரும்பி வந்தேன். ஆனால் வீடு போய்ச் சேரும்வரை அந்தப் பதில் என்னோடு வந்தது. மறுநாள் நானே போய், இரண்டு வகுப்பையும் ஒருநாள் சேர்த்து உட்காரவைத்தால் என்ன என்று கேட்டேன். அப்படித்தான் எங்கள் கருத்தரங்கு ஆரம்பமானது. புதன்கிழமை கடைசி இரண்டு மணி நேரம். ஒரு பருவம் முழுக்க ஒரே பொருள். ஒவ்வொரு வாரமும் ஒரு துறை அதைப் பற்றிப் பேசும். பி.ஏ. மாணவர்களும் பி.எஸ்ஸி. மாணவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார்கள், குறுக்கே கேள்வி கேட்பார்கள். முதல்வர், “பரீட்சைக்குக் கெடுதல் வராம பாத்துக்குங்க” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

முதல் பருவம் உப்பு. முதல் வாரம் பதினேழு பேர் வந்தார்கள். பருவம் முடியும்போது ஜன்னலுக்கு வெளியே நின்றுகூடக் கேட்டார்கள். நான் படித்த காலத்தில் செடியைப் பற்றி மட்டும் படித்தேன். அந்தச் செடி யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று யாரும் கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. அந்தப் புதன்கிழமைகளில்தான் உண்மையில் படித்தேன் என்று சொல்ல வேண்டும்.

பொருளாதார ஆசிரியர் என்னைவிட மூன்று வயது பெரியவர். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக் காலனியில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, அந்தக் காலனியிலேயே முதலில் பட்டம் வாங்கியவர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆசிரியர் அறைக்கு டீ வரும் நேரத்தில் அவர் எப்போதும் ஏதாவது ஒரு வகுப்பிலேயே இருந்துவிடுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவரை எனக்குப் பிடித்திருந்தது. அதை அவரிடமும் சொன்னதில்லை.

இரண்டாம் பருவத்துக்குத் தண்ணீர் என்று முடிவு செய்தோம். வேதியியல் ஆசிரியர் பாலாற்று ஊற்றுத் தண்ணீரில் சாயம் ஏன் நன்றாகப் பிடிக்கிறது என்று கண்ணாடிக் குடுவைகளில் காட்டினார். கணக்கு ஆசிரியர் ஏரி மதகில் ஒரு நாழிகைக்கு எவ்வளவு தண்ணீர் போகும் என்று கரும்பலகை நிறையப் போட்டார். வரலாற்றுத் துறையின் மூத்த பேராசிரியர் பாலாற்றங்கரைத் திருமுக்கூடல் கோயிலுக்குப் போய் எழுதிக்கொண்டு வந்த கல்வெட்டு வரிகளைப் படித்தார். தமிழாசிரியர் மழையைப் பற்றிப் பேசினார், நான் வேரைப் பற்றி. ஆறாவது வாரம் பொருளாதார ஆசிரியருடையது.

அதற்கு முன்தினம், என்ன பேசப்போகிறீர்கள் என்று கேட்டேன். கிணற்றுப் பாசனம், அதன் உடைமை, உரிமை என்று குறிப்புகளைக் காட்டினார். பிறகு கொஞ்சம் தயங்கி, தன் அம்மா சின்ன வயதில் தண்ணீருக்கு எப்படிக் காத்திருந்தார் என்று சொன்னார். கேட்டதும் யோசிக்காமல் சொன்னேன்.

“சார், இதை நீங்க சொல்றதைவிட அவங்களே வந்து சொன்னா எவ்ளோ நல்லாருக்கும்!”

“எங்க அம்மாவா? காலேஜுக்கா?”

“ஏன் வரக்கூடாது? தண்ணியைப் பத்தி அவங்களுக்குத் தெரிஞ்சது நம்ம யாருக்குத் தெரியும்? கூட்டிக்கிட்டு வாங்க.”

அவர் முகம் மலர்ந்தது. அதை இப்போது நினைத்தாலும் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் அந்த அம்மா வந்தார். மடிப்புக் கலையாத நீலச் சேலை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. நாற்காலியைக் காட்டினோம். உட்காரவில்லை. “நின்னுக்கினே சொல்றன்மா” என்றார். அறையில் அறுபது பேருக்குக் குறையாது. மகன் பக்கத்தில் நின்று, “நம்ம ஊரு கிணத்தப் பத்திச் சொல்லும்மா” என்றார்.

“எங்களுக்குன்னு கெணறு இல்ல. ஊர்க்காரங்க கெணத்தாண்டதான் போவணும். போனாலும் நாங்க எறைக்கக் கூடாது. பானைய வெச்சிட்டுத் தள்ளி நிக்கணும். அவங்க வீட்டு ஆளு யாராச்சும் வந்து எறைச்சி, கை படாம மேலேர்ந்து ஊத்துவாங்க. அவங்க வர்ற வரிக்கும் காத்துக்கினு இருக்கணும். சில நாளு சீக்கிரம் வருவாங்க. சில நாளு வெயிலு உச்சிக்கு வந்துடும்.”

மகனைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார்.

“இவனுக்கு முன்ன ஒரு பொட்டப் புள்ள எனக்கு. ரெண்டு வயசு. வயித்தால போவுது, தண்ணி தண்ணின்னு கேக்குது. வூட்ல ஒரு சொட்டு இல்ல. அன்னிக்கிப் பாத்துக் காஞ்சீவரத்துல கருட சேவ. ஊரே கெளம்பிப் போயிடுச்சி. பானைய எடுத்துக்கினு போயி ஒக்காந்தன். யாரும் வர்ல. எட்டிப் பாத்தா தண்ணி தெரியுது. கயிறும் வாளியும் அங்கியே கெடக்குது. பொழுது சாயற வரிக்கும் ஒக்காந்துக்கினு இருந்தன். திரும்பி வந்து பாத்தா புள்ள போயிடுச்சி.”

பின் பெஞ்சில் ஒரு மாணவன் எழுந்து, “அதான் யாருமே இல்லையேம்மா. நீங்களே எறைச்சிருக்கலாமே?” என்றான். கேலியாகக் கேட்கவில்லை. குரல் உடைந்திருந்தது.

“எறைச்சிருக்கலாம்பா” என்றார் அந்த அம்மா. “யாரும் கட்டிப் போடல. ஏன் எறைக்கலன்னு எனக்கு இன்னிக்கும் தெர்ல.”

நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் அப்பாவுக்கும் கிராமத்தில் கிணறு உண்டு. அந்த அம்மா சொன்ன கிணறு எங்களுடையது இல்லை. ஆனால் எங்கள் கிணற்றடியிலும் பானைகளை வைத்துவிட்டுப் பெண்கள் தள்ளி நின்றதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அது ஒரு வழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

வரலாற்றுப் பேராசிரியர் எழுந்தார். அந்த அம்மாவைப் பார்க்காமல் மகனிடம் கேட்டார்: “இதுல ஆராய்ச்சி எங்கே இருக்கு? ஆதாரம் என்ன? இது எந்தப் பாடத்துல வருது? நாளைக்கு ஆளாளுக்கு வீட்டுக் கதையைக் கொண்டுவந்தா இது கல்லூரியா?”

அந்த அம்மாவுக்குச் சொற்கள் புரியவில்லை, குரல் புரிந்தது. மகன் பக்கம் திரும்பி, “இன்னாப்பா சொல்றாரு?” என்றார்.

“ஒண்ணுமில்லம்மா. நல்லா பேசினியாம்.”

அந்த வாரமே முதல்வருக்குப் புகார்கள் வந்தன. சில மாணவர்களின் அப்பாக்கள் நேரிலேயே வந்தார்கள். எல்லோரும் நிலம் உள்ளவர்கள். வெள்ளிக்கிழமை முதல்வர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். வரலாற்றுப் பேராசிரியரும் அங்கே இருந்தார்.

“படிக்காத ஒரு பொம்பளைய வகுப்புல கொண்டாந்து நிறுத்தி, ஊர்ல இல்லாத சண்டைய இழுத்து விட்டிருக்கீங்க. இது யாரோட யோசனை?” என்று முதல்வர் கேட்டார்.

எனக்கு வேலை போனால் என்ன ஆகும் என்று நினைத்தேன். வேலைக்குப் போவதே பிடிக்காத அப்பா அடுத்த முகூர்த்தத்திலேயே யாருக்காவது கட்டிக்கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். விஷயம் எங்கள் கிராமத்துக்குத் தெரிந்தால் என்று நினைத்தேன். இவ்வளவையும் நினைக்க எனக்கு நேரம் இருந்தது. ‘என்னோட யோசனை சார்’ என்று மூன்று சொல் சொல்ல நேரம் இல்லாமல் போய்விட்டது.

என்னோடு வந்திருந்தவர் என் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. “என்னோட யோசனைதான் சார்” என்றார்.

முதல்வர் என்னிடம், “நீங்க என்ன சொல்றீங்கம்மா?” என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்.

கருத்தரங்கு நின்றது. பருவம் முடிந்ததும் அவருடைய வேலையை நீட்டிக்கவில்லை. கடைசி நாள் புத்தகங்களை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பியவரைப் பஸ் நிலையத்தில் போய்ப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“வேணாம் மேடம். உங்க நிலைமை எனக்குத் தெரியும்.”

“நான் பேசியிருக்கணும்.”

“பேசியிருந்தா ரெண்டு பேருக்கும் வேலை போயிருக்கும். இப்ப ஒருத்தருக்குத்தான் போச்சு.”

அவர் திட்டியிருந்தால் அழுதாவது இருப்பேன். பஸ் வந்தது, ஏறிக்கொண்டார். ஜன்னல் ஓரம் இடம் இருந்தும் உள்பக்கமாக உட்கார்ந்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் சிநேகிதியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பாலாற்றைத் தாண்டி அவர்கள் காலனிக்குப் போனேன். அந்த அம்மா வாசலில் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்து நின்றார். மகனுக்கு வடக்கே எங்கேயோ ஒரு கல்லூரியில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். ஊர்ப் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. பிறகு கேட்டார்.

“ஏம்மா, அன்னிக்கி நான் ஏதாச்சும் தப்பா பேசிட்டனா? அதாலதான் எம்புள்ள வேலைய எடுத்துட்டாங்களா? அவன் இல்லங்கறான். என்கிட்ட பொய் சொல்றான்னு தெரியுது. நீ படிச்சவ, நீ சொல்லு.”

“நீங்க ஒண்ணுமே தப்பா பேசலம்மா. உங்களைக் கூப்பிடச் சொன்னதே நான்தான். அவரு இல்ல, நான். அதை அங்க சொல்லாம இருந்துட்டேன்.”

சொல்லிவிட்டேன். அந்த அம்மா கோபப்படுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று காத்திருந்தேன்.

“அது தெரியும்மா” என்றார். “அவன்தான் சொன்னானே. காலேஜுல ஒரு டீச்சரம்மா, ‘உங்கம்மாவுக்குத் தெரிஞ்சது எங்களுக்கு யாருக்குத் தெரியும்’னு சொல்லிச்சாம். நான் வரமாட்டன்னுதான் சொன்னன். அந்த வார்த்தையக் கேட்டுத்தான் வந்தன். செத்துப்போன என் பொண்ணப் பத்தி அதுவரிக்கும் யாராண்டயும் வாயத் தொறந்ததில்ல.”

பிறகு மறுபடியும் அதையே கேட்டார்: “அந்த பெரிய சாரு கோவமாத்தானே பேசினாரு? நான் கெணத்தப் பத்தி மட்டும் சொல்லிட்டு நிறுத்தியிருக்கணும். புள்ளயப் பத்திச் சொல்லியிருக்கக் கூடாது, இல்ல?”

இல்லை என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். ஆசிரியர்கள் பேசியதைவிட நீங்கள் பேசியதுதான் பெரியது என்றேன். அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவன் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டதைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எதையும் அவர் நம்பவில்லை. என் வார்த்தையை நம்பி ஒருமுறை வந்தவர். நம்ப வைக்க வேண்டிய இடத்தில் நான் பேசாமல் நின்றேன். இப்போது நான் என்ன சொன்னாலும் அது ஆறுதலுக்குச் சொல்வதாகத்தான் அவருக்குப் பட்டிருக்கும்.

பஸ் நிற்கும் இடம்வரை கூடவே நடந்து வந்தார். அடுத்த முறை மகன் வரும்போது சொல்லி அனுப்புகிறேன், வந்துவிட்டுப் போ என்றார். சொல்லி அனுப்பினாரா, இல்லையா, தெரியாது. எனக்கு எதுவும் வந்து சேரவில்லை. நானாகவும் போகவில்லை. இன்னொரு தடவை அந்தக் கேள்வியை எதிர்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

இரண்டு வருடம் கழித்து, அந்தப் பக்கத்திலிருந்து படிக்க வந்த ஒரு மாணவி பேச்சுவாக்கில் சொன்னாள், பொருளாதார சாருடைய அம்மா இறந்து ஒரு மழைக்காலம் ஆகிவிட்டது என்று. மகனுக்கு ஒரு கடிதம் எழுதி, அவர் வேலை பார்க்கும் கல்லூரியின் பெயர் தெரியாமல் மேசையிலேயே வைத்திருந்தேன். நான் ஓய்வு பெறும்வரை எங்கள் கல்லூரியில் எத்தனையோ கூட்டங்கள் நடந்தன. எதிலும் முன்வரிசையில் நான் உட்காரவில்லை.