மத்தியஸ்தர் கழற்றச் சொன்ன மோதிரம்

காசு வாங்கிக்கொண்டு ஓடுகிறவனைத் திட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தக் கோடையில் பாரிஸின் பெரிய உதைபந்தாட்டக் கழகம் தலைசுற்றும் விலைக்கு ஒரு முன்கள வீரனை ஒப்பந்தம் செய்திருந்தது. லா சப்பலில் நான் வேலைசெய்த சாப்பாட்டுக்கடைக் குசினியில், வெங்காயம் உரித்தபடி அவனுக்கு நாங்கள் தீர்ப்பு எழுதுவோம். ஒரு பந்தைத் தவறவிட்டால் போதும், "வாங்கின காசுக்கு ஓடடா!" என்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்துவோம். அவனுக்குக் கொடுத்ததில் எங்கள் சல்லிக்காசும் இல்லை.

அதே வருடம் எங்கள் ஊர்க் கழகமும் ஒருவனை வாங்கியது. விலை அதைவிடப் பெரிது.

கோடை வந்தால் யாழ்ப்பாணத்து ஊர்கள் பாரிஸில் ஒன்றோடொன்று மோதும். விளையாடுகிறவன் அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது அந்த ஊரில் பெண் எடுத்திருக்க வேண்டும். நிச்சயம் செய்திருந்தாலும் சரி. எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கோ வயிறு முன்தள்ளி வண்டி வைத்துவிட்டது. வருடா வருடம் பக்கத்து ஊரிடம் வாங்கிக் கட்டினோம்.

கழகத் தலைவருக்கு ரூ காய் என்ற தெருவில் பலசரக்குக் கடை. அங்கே அரிசி மூட்டை இறக்க வந்த வன்னிப் பெடியன், வீதியில் கிடந்த வெற்றுத் தகரப் பேணியை இடது காலால் உதைத்ததைத் தற்செயலாகப் பார்த்திருக்கிறார். அந்த மாதமே தன் கடைசித் தங்கையை அவனுக்கு நிச்சயம் செய்தார். தங்கையிடம் பிரெஞ்சுப் பாஸ்போட் இருந்தது. பெடியனின் அகதி வழக்கு முற்றாகத் தோற்றிருந்தது. இந்தக் கலியாணம் நடந்தால் இங்கே இருப்பான். நடக்காவிட்டால் பொலிஸ் மறிக்கும் நாளில் அவனுக்கு விமானம்தான். வன்னிக்காரனை வாசலில் நிற்கவைத்தே பேசுகிற மனுசன் அன்று "மாப்பிள்ளை" என்று வாய்நிறையக் கூப்பிட்டார். சாதகம் பார்த்தாயிற்றா என்று யாரோ கேட்டார்கள். "இடது காலைப் பாத்தனாங்கள், நல்ல பொருத்தம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பெடியனும் சிரித்தான், பாவம்.

நிச்சய மோதிரத்தோடு விளையாட மத்தியஸ்தர் விடமாட்டார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் அவன் விரலில் எச்சில் தடவிக் கழற்றி என்னிடம் தருவான். "கவனம் அண்ணை" என்பான். தன் விசா அதுதான் என்று அவனுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரிந்திருந்தது, அதனால்தான் கூசாமல் கத்தினோம். "சும்மாவோ பொம்பிளை தந்தது? ஓடடா!" அவனும் ஓடினான், கோல் மேல் கோல் அடித்தான். அடித்ததை ஒருவரும் மெச்சவில்லை. கொடுத்த விலைக்கு அது வரத்தானே வேண்டும்? தங்கை கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் போத்தலோடு நிற்பாள். அவளுக்கு அவனை உண்மையிலேயே பிடித்திருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

பக்கத்து ஊரோடு இறுதியாட்டம், பாரிஸுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் நடந்தது. இரண்டு பேர் ஒரே பந்துக்குப் பாய்ந்தார்கள். பெடியனின் முழங்கால் ஒரு பக்கமும் பாதம் மறுபக்கமும் திரும்பியது. அவன் வீரிட்டுக் குழறினான். "நடிக்கிறான், ரீவீயிலை பாத்துப் பழகிட்டான்" என்றது எங்கள் பக்கத்துக் குரல் ஒன்று. முதலுதவிக்கு வரும் பொம்பியேக்காரர் வந்து காலுக்குக் கட்டை வைத்துக் கட்டினார்கள். அவர்களில் ஒருவர் உதட்டைப் பிதுக்கியதைத் தலைவரும் பார்த்தார்.

தலைவர் எழுந்து நடந்தார். ஸ்ட்ரெச்சருக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். என்னிடம் வந்து கையை நீட்டினார்.

"தம்பி, அந்த மோதிரத்தை இஞ்சை தாரும்."

"அண்ணை, பெடியன் இன்னும் கிரவுண்டிலை கிடக்கிறான்."

"சாதகம் பொருந்தேல்லையாம். ஐயர் சொன்னவர்."

எந்த ஐயர், எப்போது சொன்னார்? என் கை பொக்கற்றுக்குள் போய் மோதிரத்தை எடுத்துக் கொடுத்தது. தூ!

ஸ்ட்ரெச்சர் எங்களைக் கடந்தபோது பெடியன் என் மணிக்கட்டைப் பிடித்தான். முகம் முழுக்க வேர்வை.

"அண்ணை, மோதிரம் பத்திரமோ?"

"ஓம்" என்றேன்.

வண்டிக் கதவைச் சாத்தினார்கள். ஆட்டம் மறுபடி தொடங்கியது. பக்கத்து ஊரின் முன்கள வீரன் எங்கள் பெடியள் இரண்டு பேரை வெட்டிக்கொண்டு போய்க் கோல் அடித்தான். தலைவர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உவனுக்குக் கலியாணம் முடிஞ்சுதோ?" என்று என்னிடம் கேட்டார்.

தங்கை பக்கத்தில்தான் நின்றாள்.