பச்சைப் புள்ளி ஒட்டிய வண்டி

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கு ஒன்று உண்டு. அதை அவளே மறந்திருப்பாள். கார் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் வாசல் காவலாளி முதல் மேனேஜர் வரைக்கும் அவள் 'அப்படியாக்கா'தான். யார் எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "அப்படியா?" என்பாள். அந்த ஒரு சொல்லில், சொன்ன ஆளுக்கே தான் சொன்னதில் சந்தேகம் வந்துவிடும். விற்பனைப் பிரிவில் ஒருத்தர் ஒருநாள் வந்து, "அக்கா, எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சு" என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னார். "அப்படியா?" என்றாள். மனிதர் வெளியே போய்ப் பெண் வீட்டுக்கு போன் போட்டு, நிச்சயம் ஆனது நிஜம்தானா என்று கேட்டுக்கொண்டு வந்துதான் மறுபடி உட்கார்ந்தார்.

இதில் கொஞ்சம் உப்பு கூடியிருக்கலாம். ஆனால் அவளுடைய கணவர் விஷயம் கலப்படமில்லாதது. அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எந்த லிஃப்டில் எந்தக் கம்பி எப்படி இருக்கிறது என்று சாப்பாட்டு வேளையில் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து அவள் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் மாடிப்படிதான். "நான்தானே சரி பண்ணேன், ஏறு" என்று அவர் கெஞ்சினால், "நீங்க பண்ணதுனாலதான் யோசிக்கிறேன்" என்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: போன் போட்டு ஊராரை நம்பவைக்கும் வேலை.

அந்தக் கம்பெனிக்கு இருந்த பேர் சாதாரணப் பேர் அல்ல. அதன் கார் கெட்டுப்போய் நின்றதை யாரும் பார்த்ததில்லை என்பார்கள். சொந்தக்காரர் செத்துப்போனாலும் கார் தானாகக் கிளம்பிப் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்து கொட்டகையில் நிற்குமாம். அப்பேர்ப்பட்ட கம்பெனி ஒருநாள், குறிப்பிட்ட மாடல் வண்டிகளையெல்லாம் திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் கிளைகளுக்குத் தகவல் அனுப்பியது. முன் சீட்டுகளின் அடித் தண்டவாளத்தை மாற்ற வேண்டும். செலவு கம்பெனியுடையது.

எதற்கு மாற்ற வேண்டும் என்று அவள் பணிமனைக்குள் போய்க் கேட்டாள். மூத்த மெக்கானிக் கிரீஸ் அண்ணன் ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போட்டுக் காட்டினார்.

"இந்தத் தண்டவாளத்துலதான் சீட்டு முன்ன பின்ன ஓடுது. இந்தக் கொக்கிதான் அதைப் பிடிச்சு நிறுத்துது. அடிக்கடி நகர்த்தினா கொக்கியோட பல்லு தேஞ்சு போவுது. அப்புறம் பிரேக்கை ஓங்கி மிதிச்சா, காலு முன்னாடி தள்ளும், முதுகு சீட்டைப் பின்னாடி தள்ளும். கொக்கி விட்டுச்சுன்னா ஆளு பின்னாடி போயிடுவான். காலுக்குப் பிரேக் எட்டாது."

"எவ்வளவு பலமா மிதிக்கிறோமோ, அவ்வளவு தூரம் போவோம்னு சொல்லுங்க."

"அதேதான். ஆனா வெளிய சொல்லிடாதீங்க. மேனேஜர் என் தோலை உரிச்சிடுவாரு."

மேனேஜர் அவள் மேசையில் ஒரு தாளை வைத்திருந்தார். அதில் உள்ளதை உள்ளபடியே படிக்க வேண்டும். 'குறை' என்ற சொல் கூடாது, 'ஆபத்து' கூடவே கூடாது. 'மேம்பாடு' என்று சொல்ல வேண்டும்.

"மேம்பாடுன்னா ஏன் சார் அவசரமா வரச் சொல்றோம்?"

"அக்கா, எங்கப்பா காலத்துலேர்ந்து சேர்த்த பேரு இது. ஒரு வார்த்தையில போயிடும். இருக்கறதைப் படிங்க, புண்ணியமாப் போகும்."

படித்தாள். கேட்டவர்களில் பெரும்பாலோர் சந்தேகத்தில் அவளுக்கே உடன்பிறப்புகளைப் போலப் பதில் சொன்னார்கள்.

"சார், உங்க கார் சீட்டை இலவசமா மேம்படுத்தித் தர்றோம்."

"இலவசமாவா? அப்ப எதை என் தலையில கட்டப் போறீங்க?"

"எதையும் இல்ல சார்."

"ஓ.டி.பி. வருமா?"

"வராது சார்."

"வராதுன்னு சொல்றவங்கதான் கடைசியில கேக்குறாங்க. வைம்மா போனை!"

ஓர் அம்மாள் இன்னும் ஒருபடி மேலே போனார். "நல்லா இருக்கற சீட்டைக் கழட்டிக்கிட்டு, மட்டமானதை மாட்டி அனுப்புவீங்க. அதானே உங்க மேம்பாடு?" அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பக்கம் தான் இருந்திருந்தால் இதைவிட நன்றாகத் திட்டியிருப்போமே என்றுதான் தோன்றியது.

ஆனால் கிரீஸ் அண்ணன் சொன்னது மட்டும் உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. அடிக்கடி நகர்த்தினால் பல் தேயும். இந்த ஊரில் கார் சீட்டை அதிகம் நகர்த்துவது யார்? அவளுடைய தங்கைதான். தங்கையும் தங்கை கணவரும் சேர்ந்து டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார்கள். அவர்களிடம் இருப்பது ஒரே கார். இதே கம்பெனி, இதே மாடல். நெட்டையும் குட்டையுமாக நாள் முழுக்க ஆட்கள் ஏறி இறங்கி, ஏறுகிறவர் எல்லாம் சீட்டை இழுத்துத் தள்ளுவார்கள். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்துச் சீட்டும் அப்படித்தான், அங்கேயும் ஒரு பிரேக் பெடல் உண்டு. காலையில் தங்கை கணவர் உட்காருவார், அவர் மின்கம்பத்துக்கு அண்ணன். பிற்பகலில் தங்கை உட்காருவாள், அவளுக்குப் பெடல் எட்டுவதே பெரும்பாடு.

முதல் வேலையாகத் தங்கை கணவருக்குத்தான் போன் போட்டாள்.

"மாப்ளே, காரைக் கொண்டாந்து விடுங்க. முன் சீட்டுக் கொக்கி சரியில்லையாம்."

"அக்கா, அந்தக் கம்பெனியைப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

"அங்கதான் மாப்ளே வேலை பாக்குறேன்."

"வேலை பாக்குறது வேற, வண்டி ஓட்டுறது வேற. அந்த வண்டியில குறைன்னு சொல்றது, சூரியனுக்குச் சளி பிடிச்சிருக்குன்னு சொல்ற மாதிரி."

"அப்படியா?"

"அப்படித்தான். சரி, உங்க திருப்திக்கு, அடுத்த வாரம் ஆயில் மாத்த வரும்போது பாக்கச் சொல்றேன்."

அவருடைய ரோஷத்துக்குக் காரணம் இருந்தது. ஸ்கூல் வாசலில் பெரிய போர்டு வைத்திருந்தார்: 'பழுதே வராத வண்டியில் பயிற்சி'. வண்டி பழுதென்றால் போர்டு பொய். போர்டு பொய் என்றால் அவர் பொய்.

ஆயில் மாற்றிய மறுநாள் அவள் கம்ப்யூட்டரில் பார்த்தாள். தங்கையின் காருக்கு நேராக 'தண்டவாளம்: முடிந்தது' என்று இருந்தது. அப்பாடா என்று டீயை எடுத்து வாயில் வைத்தாள். ஒரு மிடறு நிம்மதியாக இறங்கியது, அடுத்ததற்கு முன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள். நேற்று முழுக்க அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? வரச் சொன்னவர்களையெல்லாம் மறுபடி கூப்பிட்டு, "தண்டவாளம் தீர்ந்துபோச்சு, அடுத்த சரக்கு இன்னும் வந்து சேரலை, வராதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கிட்டங்கியில் ஒரு தண்டவாளம்கூட இல்லாத நாளில் எதைக் கழற்றி எதை மாட்டினார்கள்?

நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், சரக்கே வராம வேலை முடிஞ்சிடுமா?"

"வேற கிளையில மாத்தியிருப்பாங்க அக்கா. முடிஞ்ச கணக்குல நம்ம கிளைதான் முதலிடம், தெரியுமா?"

"அப்படியா?"

மேனேஜர் கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டார். இவர் முதலிடத்துக்காகப் பொய்க் கணக்கு எழுதியிருப்பாரோ என்று அவளுக்குச் சந்தேகம் முளைத்தது. பணிமனைக்குப் போவதற்குள் அது கிரீஸ் அண்ணன் மீதும் படர்ந்துவிட்டது.

"நான் ஏங்க்கா பொய் சொல்லப்போறேன்?" என்று அவர் பதறினார். "டிரைவர் கதவைத் திறந்தேன். பச்சைப் புள்ளி இருந்துச்சு. வேற எங்கயோ மாத்திட்டாங்கன்னு நினைச்சு, முடிஞ்சதுன்னு தட்டிட்டேன்."

தண்டவாளம் மாற்றிய வண்டிக்கு டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒரு பச்சைப் புள்ளி ஸ்டிக்கர் ஒட்டுவது எல்லாக் கிளைகளிலும் வழக்கம். அதைப் பார்த்தால் மெக்கானிக்குகள் சீட்டைத் தொடமாட்டார்கள்.

"புள்ளி எப்படி இருந்துச்சு?"

"புள்ளி மாதிரிதான் இருந்துச்சு. பளிச்சுன்னு."

"பளிச்சுன்னா?"

கிரீஸ் அண்ணன் புள்ளி இருந்த உயரத்தைக் கையால் காட்டினார். இருவரும் அவருடைய கட்டைவிரலைப் பார்த்தார்கள். எந்த சோப்புக்கும் மசியாத கறுப்பு. அவர் ஒட்டிய புள்ளி ஒவ்வொன்றிலும் அந்த ரேகை பதிந்திருக்கும். எந்தக் கிளையாக இருந்தால் என்ன, எந்த மெக்கானிக்கின் விரல் பளிச்சென்று இருக்கிறது?

அவள் அப்படியே கிளம்பிவிட்டாள். மாப்பிள்ளைதான் போர்டின் மானத்தைக் காப்பாற்ற எங்கேயோ புள்ளி வாங்கி ஒட்டிவிட்டார் என்று வழி நெடுக முடிவே கட்டிவிட்டாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது தங்கை காரில் ஏறிக்கொண்டிருந்தாள். ஓட்டும் இடத்தில் ஒரு பல் டாக்டர், ஸ்டியரிங்கை நோயாளியின் தாடையைப் போலப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படியாக்கா காருக்கு முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, வழியை விடு. இவங்களுக்கு மேம்பாலத்துல ஏத்தம் சொல்லித் தரணும்."

"ஏத்தத்துல சீட்டு எந்தப் பக்கம் தள்ளும்? இறங்கு. டாக்டரம்மா, நீங்களும் கொஞ்சம் இறங்குங்க."

டாக்டர் நிம்மதியாக இறங்கினார். அவருக்கு அன்று மேம்பாலம் ஏற விருப்பமே இல்லை. அப்படியாக்கா கதவுச் சட்டத்தைப் பார்த்தாள். பச்சைப் புள்ளி, குழந்தையின் கன்னம் மாதிரி சுத்தமாக இருந்தது. மாப்பிள்ளை அலுவலக அறையிலிருந்து வெளியே வந்தார்.

"மாப்ளே, இதை ஒட்டினது நீங்கதானே?"

"நானா? எதுக்கு ஒட்டணும்?"

"கொக்கி மாத்தாமலே மாத்தின மாதிரி காட்டத்தான்."

"அக்கா! என்னை ஃபிராடுன்னு சொல்றீங்களா? மாத்தியாச்சுன்னு உங்க ஆளுங்கதான் சொல்லி அனுப்பினாங்க!"

"சண்டை போடாதீங்க ரெண்டு பேரும்" என்று தங்கை குறுக்கே வந்தாள். "நான்தான் ஒட்டினேன்."

"நீயா?"

"தோள் இந்தப் புள்ளிக்கு நேரா வர்ற மாதிரி சீட்டை நகர்த்திக்கோங்கன்னு சொல்றதுக்கு. ஒவ்வொருத்தருக்கும் வாயால சொல்லி மாளலை. கண்ணாடியில சிவப்பு, மஞ்சள் எல்லாம் பார்க்கிங்குக்கு ஒட்டியாச்சு. மிச்சம் பச்சைதான் இருந்துச்சு."

ஆக, யாரும் பொய் சொல்லவில்லை. தங்கை பாடத்துக்காக ஒட்டினாள், மெக்கானிக் புள்ளியை நம்பினார், மேனேஜர் கணக்கை நம்பினார், மாப்பிள்ளை கம்பெனியை நம்பினார். கொக்கி மட்டும் பழையபடி அடியில் கிடந்தது. சந்தேகப்பட ஒரு ஆள்கூட மிஞ்சாமல் அப்படியாக்கா திகைத்து நின்றது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

மாப்பிள்ளைக்கு ரோஷம் இன்னும் இறங்கவில்லை. "மாத்தலைன்னா என்ன இப்ப? நான் ஓட்டிக் காட்டுறேன், எல்லாரும் தள்ளி நில்லுங்க. சீட்டு ஒரு இம்மி நகர்ந்துச்சுன்னா அந்த போர்டுல இருக்கற பொய்யை என் கையாலயே அழிச்சிடறேன்."

தனியாக ஏறி, பயிற்சித் திடலின் அந்தக் கோடியிலிருந்து மெதுவாக வந்து பிரேக்கை மிதித்தார். கார் சமர்த்தாக நின்றது. ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"பாத்தீங்களா?"

"அப்படியா? குறுக்க ஆளு வந்தா இப்படித்தான் தடவிக் குடுப்பீங்களா?"

மறுபடி போனார். இந்தத் தடவை கொஞ்சம் விரைவாகவே வந்தார். ஓங்கி மிதித்தார். 'டக்' என்று ஒரு சத்தம். ஜன்னலில் தெரிந்த நெட்டை உருவம் யாரோ பின்னாலிருந்து இழுத்தாற்போல் மறைந்தது. கார் நிற்கவில்லை. பார்க்கிங் பழக வைத்திருந்த பிளாஸ்டிக் டிரம்களைத் தள்ளிக்கொண்டே போய், 'பழுதே வராத' போர்டின் காலில் முட்டி, ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. போர்டு ஒருபக்கம் சாய்ந்தது, யாரோ சொன்னதை நம்பாமல் கேட்டுக்கொண்டிருப்பதைப் போல.

மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பின் சீட்டோடு ஒட்டிக் கிடந்தார். ஒரு செருப்பு மட்டும் பிரேக்குக்குப் பக்கத்தில் கிடந்தது. அவ்வளவு நீளக் கால்களுக்கே எட்டவில்லை.

தங்கை அக்காவையும் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை. குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். பல் டாக்டர் அவள் தோளில் கை வைத்து, "இன்னிக்கு மேம்பாலம் வேண்டாங்க" என்றார்.

இழுவை வண்டி வந்து காரைக் கொண்டுபோயிற்று. தண்டவாளம் வந்து சேர்ந்ததும் கிரீஸ் அண்ணன் இரண்டு சீட்டுக்கும் மாற்றினார். புதுப் புள்ளியை ஒட்டிவிட்டு, கட்டைவிரலைக் கிரீஸ் டப்பாவில் தோய்த்து அதன்மேல் அழுத்தினார். தங்கை தன் பழைய புள்ளியை உரித்து எறிந்துவிட்டு, தோளுக்கு நேராக ஒரு நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டாள்.

அப்படியாக்கா மேனேஜர் கொடுத்த தாளைக் கவிழ்த்து அதன்மேல் டீ கிளாஸை வைத்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"சார், எங்க வண்டியில ஒரு குறை இருக்கு. தப்பு எங்களோடது. ஓங்கி பிரேக் போட்டா சீட்டு நழுவி, கால் எட்டாமப் போயிடும். வந்து மாத்திக்கிட்டுப் போங்க."

அந்தப் பக்கத்திலிருந்து, "எப்பம்மா வரலாம்?" என்று ஒரு குரல் கேட்டது. அன்று முழுக்க அப்படித்தான். 'முடிந்தது' என்று இருந்தவர்களையும் கூப்பிட்டு, புள்ளியில் ரேகை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். மேனேஜர் பின்னால் வந்து நின்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பேரு போயிடுமே அக்கா."

"வாசலைப் பாருங்க சார்."

வாசலில் கார்கள் தெருமுனை வரை நின்றன. மேனேஜர் டையைச் சரிசெய்துகொண்டு வழிகாட்டப் போனார்.

மாப்பிள்ளை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஏணி வைத்து ஏறி, 'பழுதே வராத' என்பதன் மேல் வெள்ளை பூசினார். போர்டில் இப்போது 'வண்டியில் பயிற்சி' என்று மட்டும் இருக்கிறது. போகிறவர்கள் நின்று, "பின்ன என்ன, நாற்காலியிலயா கத்துக் குடுப்பாங்க?" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். சிலர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து சேர்ந்தும்விடுகிறார்கள்.

அப்படிச் சேர்ந்தவர்களில் அப்படியாக்காவும் ஒருத்தி. முதல் நாள் காரில் ஏறி, தோளை நட்சத்திரத்துக்கு நேராக வைத்து, சீட்டைப் பிடித்து முன்னும் பின்னும் உலுக்கிப் பார்த்தாள். அசையவில்லை.

"அதான் நல்லா இருக்கே. கிளப்பு" என்றாள் தங்கை.

அவள் கிளப்பவில்லை. இறங்கி, காரைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். "நீ கொஞ்சம் எழுந்திரு" என்று தங்கையை இறக்கிவிட்டு, அந்தச் சீட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆனமட்டும் உலுக்கினாள். பிறகுதான் வந்து சாவியைத் திருகினாள்.