முட்டிக்கு அடியில் தலையணை வேண்டாம்

முட்டி வீங்கியிருப்பதை நான் முதலில் போனில் வந்த படத்தில்தான் பார்த்தேன். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த நேரம். இரண்டு கால்களையும் நீட்டி மேலிருந்து எடுத்த படம். வலது முட்டியில் எலும்பின் மேடு பள்ளம் தெரிந்தது. இடது முட்டி உரித்த தேங்காய் போல உருண்டையாக இருந்தது. கீழே என் மகள் தர்ஷினி, "அம்மாட்ட காட்டாதீங்கப்பா" என்று எழுதியிருந்தாள்.

அப்போது அவள் வெளிமாநிலத்தில் பயிற்சி முகாமில் இருந்தாள். பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான ஆசியக் கால்பந்துப் போட்டிக்கு இந்திய அணியைத் தயார் செய்யும் முகாம். அவள் இடது பக்கத் தடுப்பாட்டக்காரி. ஓடிவந்து காலை ஊன்றித் திரும்பியபோது உள்ளே ஏதோ 'டப்' என்று விட்டதாம். யாரும் அவளை இடிக்கவில்லை. யாரும் இடிக்காமல் இப்படி ஆவதுதான் அதிகம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஊருக்கு வந்ததும் மதுரைக்கு அழைத்துப்போனோம். எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் உடம்பின் உள்ளே எடுக்கும் படம்) பார்த்துவிட்டு மருத்துவர் ஏ.சி.எல். அறுந்துவிட்டது என்றார். ஏ.சி.எல். என்பது முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காகப் பிடித்திருக்கும் ஒரு நாண்.

தர்ஷினி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எப்ப சார் ஆடலாம்?"

"ஆபரேஷன் பண்ணி ஒன்பது மாசம். அதுவும் எல்லாம் சரியாப் போனா. அவசரப்பட்டா மறுபடி அறுந்துபோகும்."

போட்டிக்குப் பதினோரு மாதம் இருந்தது. அதை விட்டால் அடுத்த போட்டி வருவதற்குள் அவள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். வெளியே வந்ததும், "டைம் இருக்குப்பா" என்றாள். எங்களிடம் இருந்தது அந்த இரண்டு மாத இடைவெளி மட்டும்தான். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வீக்கம் வற்றும்வரை காத்திருந்து ஆர்த்ராஸ்கோபி (சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் அறுவை) செய்தார்கள். தொடையின் பின்பக்கத்துத் தசைநாரை எடுத்து, அறுந்த நாண் இருந்த இடத்தில் பொருத்தினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் நிறையச் சொன்னார். குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள், முட்டிக்கு அடியில் எதுவும் வைக்காதீர்கள் என்பதும் அதில் ஒன்று. நானும் என் மனைவியும் தலையாட்டினோம். மாத்திரை வேளைகள்தான் மனதில் நின்றன.

எங்கள் பக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் வீடு திரும்பினால் சொந்தக்காரர்கள் முறைவைத்தது போல வந்து பார்ப்பார்கள். முதலில் தேவதானப்பட்டியிலிருந்து என் அக்கா வந்தாள். தூக்குவாளியில் ஆட்டுக்கால் சூப்பு. வந்ததும் கட்டிலைப் பார்த்தாள்.

"ஏலே தம்பி, புள்ள காலு அந்தரத்துல நிக்குது. நீ பாத்துக்கிட்டு நிக்கிற."

துண்டை உருவிப் போட்டுவிட்டு, ஒரு தலையணையை இரண்டாக மடித்து முட்டிக்கு அடியில் வைத்தாள். "இப்ப எப்படி இருக்கு ஆத்தா?"

"நல்லாருக்கு அத்தை" என்றாள் தர்ஷினி. உண்மையிலேயே வலி குறைந்திருந்தது. அன்றுதான் கண்ணயர்ந்து தூங்கினாள்.

அதன்பின் வந்தவர்கள் எல்லோரும் ஒரு கை வைத்தார்கள். ஒருவர் தலையணையை உயர்த்தினார், ஒருவர் இன்னொன்றைச் செருகினார். நோயாளியைத் தொட்டு ஏதாவது செய்துவிட்டுப் போனால்தான் வந்ததற்கு அர்த்தம் என்று எங்கள் ஆட்களுக்கு இருக்கும். நர்ஸ் ஏதோ சொன்னாரே என்று எனக்கு இரண்டொரு முறை தோன்றியது. வந்தவர்களிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளை தூங்குகிறாளே என்றும் இருந்தது.

சில வாரம் கழித்துத் தேனியில் நாங்கள் பார்த்த இயன்முறை மருத்துவர் (உடற்பயிற்சியால் சிகிச்சை தருபவர்) குமுளிப் பக்கத்து இளம்பெண். தர்ஷினியைப் படுக்கவைத்துக் காலை நீட்டச் சொன்னார். முட்டிக்கும் மேசைக்கும் நடுவில் தன் கையை நுழைத்தார். கை தாராளமாகப் போய்வந்தது.

"தலகாணி யார் வச்சது?" என்று கேட்டார்.

தர்ஷினிதான், "எல்லாரும்" என்றாள்.

அவர் கோபப்படவில்லை. மடங்கிய நிலையில் முட்டிக்கு வலி குறைவு, ஆனால் உள்ளே ஆறும் தழும்பு அந்த நிலையிலேயே இறுகிவிடும் என்று விளக்கினார். எக்ஸ்டென்ஷன் (முட்டியை முழுதாக நீட்டுவது) வராமல் நடை வராது, நடை வராமல் ஓட்டம் வராது. "போட்டிக்கு விட்டுவச்ச நாள்ல இருந்துதான் இத எடுக்கணும்" என்றார். முட்டி முற்றிலும் இறுகிவிட்டால் இன்னொரு அறுவைகூட வரலாம் என்றும் சொன்னார்.

வீட்டில் தினமும் பல தடவை குதிகாலைச் சின்ன மணையில் வைத்து, முட்டிக்கு மேலே கை வைத்து மெதுவாக அமுக்க வேண்டும். என் மனைவி ஒரு நாள் செய்தாள். தர்ஷினி பல்லைக் கடித்ததும் கையை எடுத்துவிட்டு அழுதாள். மறுநாளிலிருந்து அது என் வேலை ஆனது.

பிள்ளை பெரியவளான பிறகு நான் அவள் தலையைத் தொட்டிருப்பேன், அவ்வளவுதான். காலைப் பிடித்து அமுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள்தான் வழி சொன்னாள்.

"அப்பா, எம் மூஞ்சியப் பாக்காதீங்க. வாழையப் பத்தி ஏதாச்சும் பேசிக்கிட்டே அமுக்குங்க."

"வாழையப் பத்தி என்னத்தப் பேச?"

"உங்களுக்குப் பேச்சு வர்றதே அது ஒன்னுலதான்."

நான் பக்கக்கன்று வெட்டுவதைப் பற்றிச் சொன்னேன், தார் சாயாமல் முட்டுக் கொடுப்பதைப் பற்றிச் சொன்னேன். நடுநடுவே "ஸ்" என்பாள். இயன்முறை மருத்துவர் காட்டித்தந்த அளவுக்கு மேல் நான் அமுக்கவில்லை. நீங்களும் அமுக்காதீர்கள்.

அக்கா மறுபடி வந்தாள், மறுபடி சூப்பு. தலையணையைத் தேடினாள். நான் வாசலைப் பார்த்தேன்.

"அத்தை, எனக்கு அறுந்தது ஒரு காலு. நீங்க இதுவரைக்கும் எத்தன ஆட்ட முடமாக்கிட்டீக?" என்று சிரித்துவிட்டு, தர்ஷினி தலையணை விஷயத்தை அவளிடமே சொன்னாள்.

அக்கா எழுந்து வீட்டில் இருந்த தலையணைகளை எல்லாம் வாரி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஊருக்குத் திரும்பாமல் இரண்டு வாரம் இருந்தாள். பார்க்க வந்தவர்களைக் கட்டில் பக்கமே விடவில்லை.

"அங்கனயே உக்காருங்க மதினி. வாயால மட்டும் விசாரிங்க" என்பாள். நாங்கள் எல்லோரும் தலையணை இல்லாமல் படுத்தோம்.

கடைசியில் முட்டியின் அடிப்பக்கம் மேசையைத் தொட்டது. அதற்குள் இரண்டு மாதம் அதிகமாகப் போயிருந்தது. நடை வந்தது, ஓட்டம் வந்தது. ஒன்பதாம் மாதம் முடிந்ததும், ஆட வர முடியுமா என்று முகாமிலிருந்து போன் வந்தது. மதுரை மருத்துவர் ஒற்றைக் காலில் தாவச் சொல்லி இரண்டு கால்களையும் அளந்து பார்த்தார். இடது கால் வலது காலின் தூரத்துக்குப் போகவில்லை.

"இன்னும் இல்ல" என்றார்.

"ஒரு மேட்ச் மட்டும் சார். கடைசிப் பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷம்னு நீ சொல்ற. முட்டிக்கு அது தெரியாதும்மா."

அவள் ஒப்புக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். அவள் இல்லாமல் அணி புறப்பட்டது.

முதல் ஆட்டத்தைப் போனில் பார்த்தோம். இடது பக்கத்தில் வேறொரு பெண் நின்றாள். முகாமில் இவளோடு ஒரே அறையில் இருந்தவள். என் மனைவி போனை அணைக்கச் சொன்னாள். தர்ஷினி விடவில்லை. "உள்ள வராத, வெளியவே தள்ளு" என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். இடைவேளையில் எழுந்து சுவரோரம் போய்த் தன் பயிற்சிகளைச் செய்தாள். மறுபாதிக்கு வந்து உட்கார்ந்தாள். ஆட்டம் முடிந்ததும், "அவ நல்லா ஆடுனா" என்றாள். அன்று சாப்பிடவில்லை.

போட்டி முடிந்து சில நாட்களில் அவள் பிறந்தநாள் வந்தது. அக்கா வந்து நெற்றியில் திருநீறு பூசினாள். "இனி அந்த டீம்ல சேர முடியாதோ? வயசு தாண்டிருச்சேம்மா" என்றாள். அக்கா மனதில் அந்த மடித்த தலையணை இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

"வலது காலுக்குத்தான் அத்தை தாண்டிருச்சு. புது நாண் வச்ச இந்தக் காலுக்கு இன்னும் ஒரு வயசுகூட ஆகல."

இப்போது பெரியவர்கள் ஆடும் மகளிர் அணி ஒன்றில் பயிற்சிக்குப் போகிறாள். முழு ஆட்டத்துக்கு இன்னும் அனுமதி இல்லை. மாடிப்படி ஏறும்போது வலது கால் முன்னே போய், இடது கால் வந்து சேரும்வரை ஒரு கணம் நிற்கிறது. வலி இல்லை, பழகிவிட்டது என்கிறாள். கூடவே ஏறி ஏறி அந்த ஒரு கணம் என் காலிலும் வந்துவிட்டது. தோட்டத்தில் தனியாக வரப்பு ஏறும்போதும் நிற்கிறேன்.