சாரலுக்கு என்ன விலை

ஐந்தருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு இரண்டு ஆசைகள் வரும். ஒன்று, சுடச்சுட எதையாவது தின்பது. இன்னொன்று, குற்றாலத்தில் இடம் வாங்குவது. முதல் ஆசையைப் பஜ்ஜிக் கடைகள் தீர்த்துவிடும். இரண்டாவது ஆசை ஜெபமலரின் பழக்கடையில் வந்து நிற்கும். "இந்தப் பக்கம் சென்ட் என்ன வெல போகுதும்மா?" என்று மங்குஸ்தானை அமுக்கிப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள்.

ஜெபமலருக்கு எதையும் ஏன் என்று கேட்காமல் விடமுடியாது. பிரசங்கம் முடிந்ததும் போதகரையே வாசலில் மறித்துச் சந்தேகம் கேட்கிறவள். தலை நனைந்தவுடன் மனிதனுக்கு ஏன் நிலத்தின் மேல் ஆசை வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். கேட்டவர்களின் நம்பரையெல்லாம் வாங்கி 'ஈரத்தலை மதுரை', 'ஈரத்தலை திருப்பூர்' என்று போனில் ஏற்றிவைத்தாள். சீசன் முடிந்து ஐப்பசியில் கூப்பிட்டால், பாதிப் பேருக்குக் குற்றாலமே ஞாபகமில்லை. அப்போதும் விலை கேட்டவர்களைக் 'காஞ்ச தலை' என்று மாற்றினாள். அவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

இப்படி வேடிக்கையாகச் சேர்ந்த நம்பர்கள்தான் அவளை இடம் பேசி விற்கும் தொழிலில் இறக்கின. பெரிய முதல் வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். இடத்துக்காரரிடம் ஒரு விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்து, கெடுவைத்து அக்ரிமென்ட் போட வேண்டியது. கெடுவுக்குள் கூடுதல் விலைக்கு ஆள் பிடித்து, அவர் பேருக்கே கிரயம் முடித்துக்கொடுத்தால் நடுவில் நிற்கும் லாபம் நமக்கு. ஆள் சிக்காவிட்டால் அட்வான்ஸ் போய்விடும்.

"ஏட்டி, விக்கதுக்கு ஆளப் பாத்துட்டு இடத்தப் பேசணும். இடத்தப் பேசிட்டு ஆளத் தேடக்கூடாது" என்றான் மினிபஸ் ஓட்டும் அவள் கணவன் ஜஸ்டின்.

"எங்கிட்ட ஆள் இருக்குல்லா" என்று போனைக் காட்டினாள் அவள்.

ஆடி மாதம் சுந்தரபாண்டியபுரத்துக்கு இடம் பார்க்கப் போனாள். இடம் நயினார் என்ற ஓய்வுபெற்ற போலீஸ்காரருடையது. சுற்றிலும் சூரியகாந்தி பூத்துக் கிடந்தது. மேற்கே மலை மேகத்துக்குள் இருந்தது. நின்றுகொண்டிருக்கும்போதே பொசுபொசுவென்று சாரல் விழுந்தது. நயினார் குடையை நீட்டினார், வேண்டாம் என்றுவிட்டாள். பட்டா பார்த்தாள், வில்லங்கம் போட்டுப் பார்த்தாள், வண்டிப்பாதை யார் பேரில் என்று விசாரித்தாள். புதிதாக வருகிறவர்கள் கோட்டைவிடுகிற எதையும் அவள் விடவில்லை. கழுத்துச் சங்கிலியை அடகுவைத்து அட்வான்ஸ் கொடுத்தாள். பங்குனிக் கடைசிவரை கெடு.

அவள் நம்பியிருந்தது 'ஈரத்தலை திருப்பூரை'. "கண்டிப்பா முடிச்சிரலாம்" என்று அருவிக்கரையில் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன மனிதர், புரட்டாசிக்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. கார்த்திகை, மார்கழி, தை என்று ஒவ்வொரு தலையாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். ராத்தூக்கம் போனது. சங்கிலி எங்கே என்று கேட்ட சொந்தக்காரர்களிடம் அறுந்துவிட்டது, பத்தவைக்கக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லி அலுத்துப்போனாள். ஜஸ்டின் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது.

மாசியில் ஒரு காஞ்ச தலை அகப்பட்டது. கோவில்பட்டியில் ஓய்வுபெற்ற டீச்சர். பேர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மனை வேண்டிப் பிறந்ததால் அந்தப் பேராம். அதனாலேயே இந்தப் பக்கம் ஒரு வீடு கட்டிக்கொள்ள ஆசையாம். விலைக்கு ஒத்துக்கொண்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சாரல் விழுமா?"

"விழும் டீச்சர். நானே நனஞ்சேன்லா."

டீச்சர் வருவதாகச் சொன்ன நாளில் ஜெபமலர் முன்னாலேயே போய் வயலில் நின்றாள். கெடு முடிய நான்கு நாள் இருந்தது. சூரியகாந்தி இருந்த இடத்தில் அறுத்து மிஞ்சிய கட்டைத் தாள்கள். மலை தூரத்தில் வெளிறிக் கிடந்தது. செருப்பைத் தாண்டிச் சூடு ஏறியது. பக்கத்து வயல்காரரிடம் வழக்கம்போல ஏன், எதற்கு என்று ஆரம்பித்தாள். அவர் சொன்னார்: "சாரலா? தென்காசியோட நின்னுரும். இங்கன காத்துத்தான் பேயா அடிக்கும். ஆடியில என்னைக்காவது ரெண்டு தூத்தல் போடும்." அந்த ரெண்டு தூறலில்தான் தான் நனைந்திருக்கிறோம் என்று ஜெபமலருக்கு விளங்கியது.

பின்னால் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர், நிற்பது அவள்தானா என்று தெரிந்துகொள்ள நம்பரை அடித்தபடியே பக்கத்தில் வந்துவிட்டார். ஜெபமலரின் கையில் போன் ஒளிர்ந்தது. 'காஞ்ச தலை கோவில்பட்டி.' டீச்சர் அதைப் படித்தார். தன்னையறியாமல் நரைத்த கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இது என்னம்மா பேரு?"

மறைக்க வழியில்லை. சொன்னாள். டீச்சர் சிரிக்கவில்லை. வயலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப நீங்க இந்த இடத்தப் பாத்தது எந்தத் தலையோட?"

நயினார் வேலியோரம் வந்து நின்றிருந்தார். காஞ்ச தலையோடதான் என்று ஒரு பொய் சொல்லிவிட்டால் சங்கிலி கழுத்துக்கு வந்துவிடும். ஜெபமலர் டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

"ஈரத்தலையோடதான் டீச்சர். காஞ்ச தலையோட இன்னைக்குத்தான் பாக்குதேன். இங்கன சாரல் விழாதாம். காத்து மட்டுந்தான்."

மேற்கே மலையைப் பார்த்துவிட்டு டீச்சர் கேட்டார்.

"எங்கிட்ட சொன்ன விலையில சாரலுக்கு எவ்வளவு போட்டிருந்தீங்க?"

ஜெபமலர் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். நயினார் கேட்ட விலை மண்ணுக்கு. அதற்கு மேல் அவள் ஏற்றியதெல்லாம் சாரலுக்கு.

"எனக்கு நிக்க லாபம் பூராவும் டீச்சர்."

"அதக் கழிச்சுருங்க. காத்து போதும்."

கெடுவுக்கு முந்தின நாள் கிரயம் முடிந்தது. அட்வான்ஸ் கைக்கு வந்தது. சங்கிலியை மீட்டதில் வட்டிதான் கையைக் கடித்தது. ஜஸ்டின் சங்கிலியைப் பார்த்துவிட்டு, "பத்தவச்சுட்டாங்களா?" என்று மட்டும் கேட்டான்.

அடுத்த ஆனியில் ஐந்தருவி கொட்டத் தொடங்கியது. சொட்டச் சொட்ட ஒருவர் கடைக்கு வந்து, இந்தப் பக்கம் சென்ட் என்ன விலை போகும் என்று கேட்டார். ஜெபமலர் ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.

"மொதல்ல தலையத் துவட்டுங்க அண்ணாச்சி. பங்குனியில வாங்க, வெயில்ல கூட்டிட்டுப் போய்க் காட்டுதேன்."